வாசலுக்கு வெளியே ஒரு வகுப்பு

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய நினைவுகளைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். விடுதி மெஸ், கிரிக்கெட் மாட்ச், கடைசி யூனிட் வண்டியைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு ஓடியது, இதெல்லாம் பேசினால் நேரம் போவதே தெரியாது. அதையெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்வோம். இங்கே கிடைத்திருக்கும் அரை மணி நேரத்தில் உங்களிடம் ஒரு வேலை கேட்கலாம் என்று வந்திருக்கிறேன்.

நம் கிறித்தவக் கல்லூரியின் கதை உங்களுக்குத் தெரியும். 1837-ல் பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. சரியாக நூறு வருஷம் கழித்து 1937-ல் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது. ஏறக்குறைய 365 ஏக்கர். அன்றைக்கு இது முட்புதரும் சரளையும் நிறைந்த காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் போன்றவர்கள் மரம் மரமாக நட்டு வளர்த்தார்கள். அப்போது காட்டுக்கு நடுவில் கல்லூரி இருந்தது. இப்போது ஊருக்கு நடுவில் கல்லூரி இருக்கிறது. நம்மைச் சுற்றிச் சேலையூர், இரும்புலியூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று லட்சக்கணக்கான ஜனங்கள். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியே ஆகிவிட்டது.

அந்த ஜனங்களுக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும்? ஆட்டோக்காரரைக் கேட்டால், "உள்ளே மான் இருக்கு சார், பெரிய காடு, நல்ல காலேஜ்" என்பார். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. உள்ளே என்ன ஆராய்ச்சி நடக்கிறது, அதனால் தனக்கு என்ன பயன் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இது நம் கல்லூரிக்கு மட்டும் உள்ள குறை என்று எண்ண வேண்டாம். தாம்பரத்திலிருந்து கிண்டி வரைக்கும் எத்தனை கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சி நிலையங்கள்! அநேகமாக எல்லா மதில் சுவருக்கும் இதே கதைதான்.

பணி ஓய்வு பெற்ற பிறகு, நானும் என்னோடு படித்த இரண்டு நண்பர்களும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தச் சுற்று வட்டாரத்தில் ஏதாவது ஓரிடத்தில் பேசத் தொடங்கினோம். அமைப்புக்குப் பெயர் கிடையாது, பேனர் கிடையாது. குடியிருப்போர் நலச் சங்கக் கட்டடம், கோயில் மண்டபம், பள்ளிக்கூட வராந்தா, எங்கே இடம் கொடுத்தாலும் சரி. இந்த வட்டாரத்தைப் பற்றிக் கல்லூரிகளும் ஆய்வு நிலையங்களும் கண்டுபிடித்த விஷயங்களை இந்த வட்டாரத்து ஜனங்களுக்குத் தமிழில் சொல்வது, அவ்வளவுதான் எங்கள் திட்டம். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்கிறேன்.

முதலில் கோலத்தைப் பற்றிப் பேசினோம். நான் படித்த எழுபதுகளில் புள்ளியியல் துறையில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி இருந்தார். கணிதத் துறையில் அவருடைய துணைவியார் ராணி சிரோமணி. அவர்களும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1974-ல் ஒரு சர்வதேச கம்ப்யூட்டர் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் தலைப்பிலேயே 'கோலம்' என்ற நம் சொல் இருந்தது.

மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலப் படத்துக்கும் இலக்கணம் எழுத முடியுமா என்பது அன்றைய கணினி அறிஞர்கள் மனத்தில் இருந்த கேள்வி. எழுவாய், பயனிலை என்று சில விதிகளை வைத்துக்கொண்டு நாம் எண்ணிலடங்காத வாக்கியங்களைப் பேசுகிறோம் அல்லவா? அதேபோலச் சில சின்ன விதிகளை வைத்துக்கொண்டு ஒரு கோலத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வளர்க்கலாம். சின்னப் புள்ளிக் கோலம் போடத் தெரிந்த பெண் மார்கழி மாதத்தில் அதையே தெரு அகலத்துக்குப் போடுகிறாள் என்றால், அவள் மனத்துக்குள் ஒரு விதி ஓடுகிறது என்று பொருள். அந்த விதியை இவர்கள் கணித மொழியில் எழுதிக் காட்டினார்கள். பிற்பாடு கம்பிக் கோலத்துக்கும் இலக்கணம் எழுதினார்கள். 2002-ல் அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் கோலத்தைப் பற்றி எழுதியபோது, சென்னையில் நடந்த இந்த ஆய்வுகளை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

ஆக, சேலையூர் வாசலில் போட்ட கோலம் அமெரிக்கா வரைக்கும் போய்விட்டது. சேலையூருக்குத்தான் சேதி வரவில்லை!

இதை ஒரு கோயில் மண்டபத்தில் கரும்பலகை வைத்துச் சொன்னோம். முப்பது பேர் இருக்கும், பெரும்பாலும் பெண்கள். நான் ஒரு சிக்குக் கோலத்தை ஒரே கோட்டில் இழுத்து, விதியை விளக்கி முடித்தேன். எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா எழுந்தார். "ஏன் சார், நாங்க போடுறதத்தான் நீங்க புஸ்தகத்துல போட்டிருக்கீங்க, இல்ல?" என்றார். மண்டபமே சிரித்தது. "ஆமாம்மா" என்றேன். "சரி, ஆனா நாங்க இப்படி ஒரே மூச்சுல இழுக்க மாட்டோம். நாலு பக்கமும் ஒரே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக்கிட்டு, கடைசியிலதான் சேர்ப்போம். எங்கியாவது தப்பு வந்தா அப்பவே கண்ணுக்குத் தெரிஞ்சிடும்" என்று சொல்லி, சாக்பீஸை வாங்கிப் போட்டே காட்டினார்.

கணினி இயல் படித்த மாணவர்களுக்கு அந்த அம்மா சொன்னதன் அருமை புரியும். ஒரே சமயத்தில் பல இடங்களில் விதியைச் செலுத்தி ஒரு வடிவத்தை வளர்ப்பது அந்தத் துறையில் ஒரு தனிப் பாடம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் அதைக் கைப்பழக்கமாகச் செய்கிறார். நான் கணித விதியைச் சொன்னேன், அவர் கை செய்யும் விதத்தைச் சொன்னார். அன்றைக்கு யார் ஆசிரியர், யார் மாணவர் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்தது கல். பல்லாவரத்தைப் பற்றி இரண்டு செய்திகளை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பேன். கை தூக்குகிறவர்கள் மிகக் குறைவு. முதல் செய்தி, 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட், பல்லாவரத்து ராணுவ மைதானத்தில் சரளை தோண்டிய குழியில் ஒரு கல்லை எடுத்தார். ஆதி மனிதன் செதுக்கிய கருவி அது. இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட முதல் கருவி இந்தப் பல்லாவரத்துக் கல்தான். அதே வருஷம் செப்டம்பரில் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகள் கிடைத்தன. அந்த அத்திரம்பாக்கத்தில் சாந்தி பாப்புவும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் அகழாய்வு செய்து, அங்கே 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கருவி செய்த மனித இனம் வாழ்ந்தது என்று 2011-ல் உலகத்துக்குச் சொன்னார்கள்.

இரண்டாவது செய்தி, பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயர் 'சார்னோக்கைட்'. கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறையால் ஆனது. அதனால் 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தப் பெயரை வைத்தார். இன்றைக்கு ஆப்பிரிக்காவில் இந்த வகைப் பாறை கிடைத்தாலும், அண்டார்டிகாவில் கிடைத்தாலும் அதே பெயர்தான். நிலவியல் மாணவர்கள் தேடி வந்து பார்க்கும் பாறையை நாம் ஜல்லியாக உடைத்து வீடு கட்டிக்கொண்டோம். வீடு கட்ட ஜல்லி வேண்டியதுதான், அதில் குற்றம் காண நான் வரவில்லை. ஆனால் தான் உடைப்பது என்ன கல் என்று உடைக்கிறவருக்கு யாராவது சொன்னோமா?

திரிசூலம் பக்கத்தில் ஒரு கூட்டத்தில், கல் குவாரியில் பாதி ஆயுளைக் கழித்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "எந்தப் பக்கம் அடிச்சா பொளக்கும்னு எங்களுக்குத் தெரியும் சாமி. ஏன் அந்தப் பக்கம் மட்டும் பொளக்குதுன்னு நீங்க சொல்லுங்க." எங்களோடு வந்திருந்த நிலவியல் நண்பர் அந்த ஒரு கேள்விக்கு முக்கால் மணி நேரம் பதில் சொன்னார். ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

கோலமும் கல்லும் கேட்கச் சுவையான விஷயங்கள். உயிர் போகும் விஷயம் ஒன்று இருக்கிறது. அது தண்ணீர்.

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மாடி வரைக்கும் தண்ணீர் ஏறியதையும், ஜனங்களைப் படகில் மீட்டதையும் இங்கே இருப்பவர்களில் பலர் கண்ணால் பார்த்திருப்பீர்கள். சிலர் அந்தப் படகிலேயே வந்திருப்பீர்கள்.

இந்தப் பூமியின் தண்ணீர்க் கணக்கு ரொம்பச் சிக்கலானது அல்ல. ஏறக்குறைய ரயில் பாதையை ஒட்டி ஒரு மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேற்கே பெய்யும் மழை, ஆதனூர்ப் பக்கமிருந்து வரும் அடையாற்றுக்குப் போகிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தப் பாதையில் இருக்கின்றன. கிழக்கே பெய்யும் மழை ஏரிக்கு ஏரி இறங்குகிறது. செம்பாக்கம் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக நன்மங்கலம், பிறகு கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைக் கழுவெளி. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், பிறகு கோவளத்தில் கடலுக்கும் போய்ச் சேர்கிறது. ஒரு வீட்டில் கூடத்திலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து சாக்கடை என்று தண்ணீர் போவது மாதிரிதான். நடுவில் ஒரு வாசலை அடைத்தால் தண்ணீர் கூடத்துக்கே திரும்பி வரும்.

இது நம் பாட்டன் பூட்டனுக்குத் தெரிந்த கணக்கு. மதகு, கலங்கல், போக்குக் கால்வாய் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். பிற்பாடு பல்கலைக்கழகங்களில் இதை அளந்து, வரைபடம் போட்டு, ஆய்வேடு எழுதினார்கள். ஆனால் ஆய்வேடு ஆங்கிலத்தில் நூலக அலமாரியில் இருந்தது. மனை விற்றவரின் நோட்டீஸ் தமிழில் டீக்கடை வரைக்கும் வந்தது. பணத்தைச் சேர்த்து, பி.எஃப். கடன் போட்டு மனை வாங்கினவருக்கு எது கைக்குக் கிடைத்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு மேற்குத் தாம்பரம் பக்கம் ஒரு நகரில் பேசப் போனோம். வரைபடத்தைச் சுவரில் மாட்டினோம். நான் பேசத் தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முன் வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, "இதெல்லாம் வீடு கட்டறதுக்கு முன்னாடி ஏன் சார் யாரும் வந்து சொல்லல?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து இன்னொருவர், "இப்ப மட்டும் எதுக்கு வந்தீங்க? எங்க மனை விலையக் கெடுக்கவா? இது ஏரித் தண்ணி வர்ற பாதைன்னு நீங்க படம் மாட்டிட்டுப் போயிடுவீங்க, நாளைக்கு எவன் வாங்குவான்?" என்று கோபமாகக் கேட்டார்.

இரண்டு பேர் கேட்டதும் நியாயம்தான். அறிவைப் பொதுவில் வைக்கும்போது எல்லோருக்கும் அது இனிக்காது. சில பேருக்கு அதனால் நஷ்டமும் வரும். அதை மறைத்துவிட்டுப் பேச்சாளர் கைதட்டல் வாங்கிக்கொண்டு போகக் கூடாது. அன்றைக்கு அந்தக் கோபத்துக்குப் பதில் சொன்னது நான் அல்ல. ஓர் அம்மா, மூன்று நாள் மொட்டை மாடியில் பேரக் குழந்தையோடு இருந்தவராம், சொன்னார்: "வெல போனாப் போவுதுப்பா. அடுத்த தடவ தண்ணி எந்தப் பக்கத்துல இருந்து வரும், எந்தப் பக்கமா நாங்க ஓடணும், அதச் சொல்லச் சொல்லு மொதல்ல." பிறகு கூட்டம் வரைபடத்தைச் சுற்றி வந்து நின்றுவிட்டது. பயிர் வைத்த காலத்து ஆள் ஒருவர், எங்கள் படத்தில் இல்லாத ஒரு வாய்க்காலை விரலால் கோடு போட்டுக் காட்டினார். மறுநாள் காலையில் நடந்து போய்ப் பார்த்தோம். இரண்டு காம்பவுண்டுச் சுவர்களுக்கு நடுவில் முழங்கால் அகலத்துக்கு அந்த வாய்க்கால் இருந்தது, குப்பை மூடியபடி. அதைத் தூர் வாரச் சொல்லி அந்த நகர்க்காரர்களே மனு எழுதினார்கள். மனுவோடு படமும் போயிற்று.

ஆராய்ச்சியும் ஊராரும் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பள்ளிக்கரணையே பெரிய சாட்சி. ஒரு காலத்தில் அரசுக் கணக்கில் அது உதவாத நிலம், குப்பை கொட்டும் இடம். அங்கே என்னென்ன பறவை, என்னென்ன செடி, எவ்வளவு தண்ணீரை அது தாங்குகிறது என்று கேர் எர்த் அமைப்பின் ஜெயஸ்ரீ வெங்கடேசன் போன்ற ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். அந்தப் பகுதிக் குடியிருப்போரும் இயற்கை ஆர்வலர்களும் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ஏறக்குறைய 1,247 ஹெக்டேர் ராம்சர் ஈரநிலமாகச் சர்வதேசப் பட்டியலில் ஏறியது. 2025-ல் ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு ராம்சர் விருது கிடைத்தது. கணக்கு மட்டும் இருந்திருந்தால் அது ஃபைலில் தூங்கியிருக்கும். குரல் மட்டும் இருந்திருந்தால் "ஆதாரம் எங்கே?" என்று கேட்டு அனுப்பியிருப்பார்கள்.

இப்படிப் பொதுமக்களிடம் போய்ப் பேசுவது நாங்கள் கண்டுபிடித்த புதுமை அல்ல. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825-ல் தொடங்கியவை. மைக்கேல் ஃபாரடே ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு ரசாயனம் முழுவதையும் அங்கே விளக்கினார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1860-களில் ரயில்வே தொழிலாளர்களுக்கும், ராச்டேல் என்ற ஊரில் கூட்டுறவுச் சங்கத்தாருக்கும் வானவியல் போன்ற பாடங்களைச் சொன்னார். ராச்டேலில் ஒரு வாரம் அவர் தம் படங்களைச் சுவரிலேயே விட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்து பார்த்தால், அந்தப் படங்களின் முன்னால் நின்று ஜனங்கள் தங்களுக்குள் விவாதம் செய்து, கேள்விகளோடு தயாராக இருந்தார்களாம். சொற்பொழிவுக்குப் பின் கேள்வி வகுப்பு என்ற வழக்கம் அதிலிருந்து வளர்ந்தது. 1873-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமே இதை ஏற்று நடத்தத் தொடங்கியது.

தமிழ்நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. பெ. நா. அப்புஸ்வாமி வாழ்நாள் முழுவதும் அறிவியலை எளிய தமிழில் எழுதினார். 1980-ல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் தெருவிலும் பள்ளியிலும் நின்று தமிழில் பேசினார்கள், சிறுவர்களுக்காகத் 'துளிர்' இதழைக் கொண்டுவந்தார்கள். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிலையத்தார் சங்கீத சபாவிலேயே அறிவியல் சொற்பொழிவு நடத்திக் காட்டினார்கள். நம் கிஃப்ட் சிரோமணியும் தம் துறை நண்பர்களும் 1980-ல் திருக்குறளைப் பழங்கால எழுத்துகளில் அச்சிட்டு வெளியிட்டார்கள். கல்வெட்டு படிக்கத் தெரியாதவனும், வள்ளுவர் காலத்து எழுத்து இப்படி இருந்திருக்கும் என்று பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பது போன்ற ஒரு முயற்சி அது.

"ஜனங்களுக்கு இதெல்லாம் புரியுமா சார்? எளிமையாக்கினால் தரம் கெட்டுவிடாதா?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் பக்கத்து ஸ்டேஷனின் பெயரே சானடோரியம். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக் கணக்கில் படுக்க வேண்டும், வீட்டில் வைத்தால் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆய்வு மையம், சென்னையின் ஏழைக் குடும்பங்களோடு சேர்ந்து ஆய்வு நடத்தி, 1959-ல் முடிவை வெளியிட்டது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீட்டிலிருந்தபடியே சானடோரியத்துக்கு இணையாகக் குணமாகலாம், வீட்டில் வைத்திருப்பதால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பது அந்த முடிவு. உலக நாடுகள் காசநோய்க்கு மருந்து தரும் முறையையே அது மாற்றியது. இதில் ஜனங்களுக்குப் புரியாதது என்ன இருக்கிறது? இன்றைக்கும் இருமல் வந்தால் வெளியில் சொல்லக் கூசுகிற ஒரு வீட்டுக்கு, இதைவிடத் தேவையான செய்தி வேறு என்ன? புரியும்படி சொல்ல முடியவில்லை என்றால், பெரும்பாலும் நமக்கே அது இன்னும் சரியாக விளங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

எங்கள் அனுபவத்தில் சில நடைமுறைகளைச் சொல்லிவிடுகிறேன். தொடங்குகிறவர்களுக்கு உதவும்.

இடம் அவர்களுடையதாக இருக்கட்டும். நாம் ஏ.சி. அரங்கத்துக்கு அழைத்தால், வாட்ச்மேனைப் பார்த்தே பாதிப் பேர் திரும்பிப் போவார்கள். ஓர் அரங்கில் நடந்த விழாவில் பார்த்தேன்: பொதுமக்களுக்கான சொற்பொழிவு என்று நோட்டீஸ், பேச்சு முழுக்க ஆங்கிலம், கேள்விக்கு இரண்டு நிமிஷம், பொன்னாடைக்கு அரை மணி. பின் வரிசையில் வந்து உட்கார்ந்த பொதுமக்கள் டீ வந்ததும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பேச்சு அரை மணிக்கு மேல் வேண்டாம். கேள்விக்கு ஒரு மணி ஒதுக்குங்கள். கையில் பிடித்துப் பார்க்க ஏதாவது கொண்டுபோங்கள், கல்லோ, மண்ணோ, ஏரித் தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டிலோ. படங்களை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், ராச்டேலில் நடந்தது இங்கேயும் நடக்கும். தெரியாத கேள்விக்கு "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் அடுத்த மாதம் பதிலோடு திரும்பிப் போக வேண்டும். இரண்டாவது தடவை போகும்போதுதான் அவர்கள் நம்மை நம்பத் தொடங்குகிறார்கள்.

இன்னொன்று. ஆராய்ச்சிக்காக ஒரு தெருவில் கணக்கெடுக்கிறோம், வீடு வீடாகக் கேள்வித்தாளை நீட்டுகிறோம், ரத்தம்கூட எடுக்கிறோம். அந்தத் தெருவுக்கு முடிவைச் சொல்லாமல் இருப்பது நல்ல பழக்கம் அல்ல. வீட்டுக்கு வந்து காபி சாப்பிட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த சேதி சொல்லாத விருந்தாளி மாதிரி அது.

இனி நான் கேட்க வந்த வேலைக்கு வருகிறேன்.

முன்னாள் மாணவர்களே, நம்மில் மருத்துவர், பொறியாளர், வங்கி அதிகாரி, பேராசிரியர், வனத்துறையில் இருப்பவர் என்று எத்தனை பேர்! பாதிப் பேர் இந்தத் தென் சென்னையிலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறோம். ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம் சொந்தத் தெருவில், தமக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தைப் பேச வேண்டும். காசு கேட்கவில்லை. ஒரு மாலைப்பொழுதைத்தான் கேட்கிறேன்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் எழுதும் ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும், புராஜெக்டுக்கும், தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றும் எழுதுங்கள். உங்கள் அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் எங்கே "இது என்னடா?" என்று நிறுத்துகிறாரோ அந்த இடத்தைத் திருத்துங்கள். பிறகு அதன் ஒரு பிரதியை, நீங்கள் ஆராய்ந்த ஊரின் கிளை நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். மதிப்பெண் கிடைக்காது. ஆனால் மனை வாங்கப் போகிற ஒருவர் அதைப் படிக்கக் கூடும், இருமலோடு இருக்கிற ஒருவர் படிக்கக் கூடும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கூடலில் யார் எந்தப் பதவிக்கு வந்தார் என்ற பட்டியலோடு, யார் எந்தத் தெருவில் என்ன பேசினார், ஜனங்கள் என்ன கேட்டார்கள், எந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற பட்டியலையும் மலரில் போடுங்கள். அந்தக் கேள்விகளிலிருந்தே நம் மாணவர்களுக்கு அடுத்த ஆய்வுத் தலைப்புகள் கிடைக்கும்.

பதிவு மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகுமுன் உங்கள் பெயர், குடியிருக்கும் பகுதி, பேசக்கூடிய பொருள் ஆகிய மூன்றை மட்டும் எழுதிவிட்டுப் போங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஏரிக்கரைப் பக்கத்து நகர்களில் பேசி முடித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. மழை நம் பேச்சு முடிகிற வரைக்கும் காத்திருக்காது.